குளிர்காலத்தில் ஆடாத கடல் எது? வாந்திக்காரன் கேட்கிறேன்

கரைவாசி
செப்டம்பர் 8, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கடல் என்று மட்டும் இல்லை. பேருந்தில் பின் இருக்கை, ஊஞ்சல், கார் ஓடும்போது போனில் ஒரு குறுஞ்செய்தி, எதுவானாலும் வயிறு புரளும். ஆறு வருஷம் முன்னால் ஒரு தீவுக்கு 2 மணி நேரப் படகில் போனேன். ஏறி 20 நிமிஷத்தில் ஆரம்பித்தது. இறங்கும்வரை ஒரு நீல வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாளியின் கைப்பிடியில் இரண்டு இடத்தில் துரு. தீவில் என்ன பார்த்தேன் என்பது மறந்துவிட்டது, அந்தத் துரு மறக்கவில்லை.

வரும் ஜனவரியில் எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருஷம். மனைவிக்குக் கப்பலில் போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. "உங்களுக்காக 25 வருஷமா மலைக்கே போயாச்சு" என்கிறாள். நியாயம்தான். 7 முதல் 12 இரவு, டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிக்குள். ஏறும் துறைமுகம் எதுவானாலும் விமானத்தில் போய்க்கொள்வோம்.

பார்த்து வைத்திருப்பது மூன்று. ஃப்ளோரிடாவில் ஏறி கரீபியன். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஏறி, ஆப்பிரிக்காவுக்கு வடமேற்கே உள்ள கனேரித் தீவுகள். லாஸ் ஏஞ்சலஸில் ஏறி மெக்சிகோவின் பசிபிக் கரை. விளம்பரப் படம் மூன்றிலும் கடல் கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது. எது நிஜமாகவே அப்படி இருக்கும்?

வெயில்தேடி
செப்டம்பர் 8, இரவு 10:03

அண்ணா, ரொம்ப யோசிக்காதீங்க. இருக்கிறதிலேயே பெரிய கப்பலா பாத்து புக் பண்ணுங்க, மேட்டர் முடிஞ்சுது. நான் போனது 5,000 பேர் ஏறுற கப்பல். உள்ள நடந்தா ஷாப்பிங் மால்ல இருக்கிற மாதிரியேதான் இருந்துச்சு. ஜனவரில கரீபியன்ல புயலும் கிடையாது. தைரியமா போங்க.

பழைய மாலுமி
செப்டம்பர் 9, காலை 6:20

சரக்குக் கப்பலில் 19 வருஷம் இருந்தவன் என்ற உரிமையில் குறுக்கே வருகிறேன்.

புயல் இல்லை என்பது வேறு, கடல் அமைதியாக இருக்கிறது என்பது வேறு. அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, தம்பி சொன்னது சரி. ஆனால் குளிர்காலத்தில் அங்கே வேறு இரண்டு பேர் வேலைக்கு வருவார்கள். ஒருவர் வடகிழக்கு வியாபாரக் காற்று. டிசம்பர் நடுவிலிருந்து அது வலுக்கும், அந்தப் பக்கத்துப் படகுக்காரர்கள் 'கிறிஸ்துமஸ் காற்று' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னொருவர் வட அமெரிக்கக் குளிர். அங்கிருந்து கிளம்புகிற வாடைக்காற்று மெக்சிகோ வளைகுடாவையும் ஃப்ளோரிடாவையும் தாண்டி இறங்கி, ஓரிரு நாள் ஆட்டம் போட்டுவிட்டு அடங்கும்.

அதனால் 'கரீபியன்' என்ற ஒரே சொல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதற்குள்ளேயே நல்லதும் கெட்டதும் இருக்கிறது.

ஃப்ளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவே கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. வாடை தெற்கு நோக்கி அடிக்கும். இரண்டும் எதிரெதிரே மோதினால் அலை குட்டையாக, செங்குத்தாக, நெருக்கமாக எழும். ஏறின முதல் ராத்திரியே அதைக் கடக்க வேண்டியிருக்கும். டெக்ஸஸ் பக்கம் ஏறினால் மெக்சிகோ வளைகுடா முழுவதையும் தாண்ட வேண்டும், வாடை வரும் வழியே அதுதான். இதைவிட மோசம் கொலம்பியாவின் கரை. அரூபா தீவிலிருந்து பனாமா கால்வாய் பக்கம் போகிற கப்பல்களெல்லாம் அதை ஒட்டித்தான் போக வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் அங்கே காற்று உச்சத்தில் இருக்கும், 3 மீட்டர் அலை அங்கே செய்தியே இல்லை. வாந்திக்காரர் அந்த வழியை ஜனவரியில் எடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

நல்ல இடமும் இருக்கிறது. காற்று கிழக்கிலிருந்து வருகிறது அல்லவா? டொமினிகா, மார்ட்டினிக், செயின்ட் லூசியா, கிரெனடா எல்லாம் வரிசையாக நிற்கிற மலைத்தீவுகள். அவற்றின் மேற்குப் பக்கம் காற்றுமறைவு. பெரிய துறைமுகங்கள் பலவும் அந்தப் பக்கம்தான். ஃப்ளோரிடாவில் ஏறாமல் பார்படோஸுக்கோ போர்ட்டோ ரீக்கோவின் சான் ஹுவானுக்கோ பறந்து போய் ஏறினால் ஆடுகிற முதல் இரண்டு நாள் கழிந்துவிடும். தீவுக்குத் தீவு நடுவே உள்ள திறந்த கடலைத் தாண்டும்போது ஒரு மணி, இரண்டு மணி அசைக்கும். அவ்வளவுதான்.

சவுத்தாம்ப்டனை மறந்துவிடுங்கள். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை, பிரான்ஸ், ஸ்பெயின் கரையோரத்து பிஸ்கே விரிகுடா. குளிர்காலத்தில் அட்லாண்டிக் தாழ்வழுத்தம் ஒன்றன் பின் ஒன்றாக அந்தப் பக்கம்தான் வரும். கனேரி வேண்டுமென்றால் லாஸ் பால்மாஸுக்கோ டெனெரிஃபுக்கோ பறந்து போய் அங்கே ஏறுங்கள்.

மெக்சிகோ: போகும்போது காற்றும் அலையும் பின்னாலிருந்து தள்ளும், சுகமாக இருக்கும். திரும்பும்போது மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தை ஒட்டி வடக்கே ஏறும்போது அதே அலையை முகத்தில் வாங்குவீர்கள். கடைசி ஒன்றரை, இரண்டு நாள்.

கரைவாசி
செப்டம்பர் 9, காலை 8:45

ஐயா, மூன்றையும் அடித்துவிட்டீர்களே. நன்றி, ஆனால் வயிறு இப்போதே ஒரு மாதிரி இருக்கிறது.

வெயில்தேடி
செப்டம்பர் 9, காலை 9:30

மாலுமி சார் சொல்றது சரக்குக் கப்பல் அனுபவம். பயணிகள் கப்பல்ல ஸ்டெபிலைசர் இருக்கு. பக்கவாட்டுல துடுப்பு மாதிரி நீட்டிக்கும், ஆட்டத்தை அப்படியே அடக்கிடும். நான் சும்மா சொல்லல, கப்பல் டூர்லயே காட்டினாங்க.

பழைய மாலுமி
செப்டம்பர் 9, பகல் 1:10

துடுப்பு உண்மை. அது எதை அடக்குகிறது என்பதில்தான் விஷயம். கப்பல் இடமும் வலமும் சாய்வதை, ரோல் என்பார்களே, அதை அடக்கும். அதுவும் கப்பல் வேகமாகப் போனால்தான், துடுப்பின் மேல் தண்ணீர் ஓடினால்தான் அதற்குப் பிடிமானம். முன்முனை எழுந்து விழுவதையும் கப்பல் முழுசாக லிஃப்ட் மாதிரி ஏறி இறங்குவதையும் அது ஒன்றும் செய்யாது. குமட்டலைக் கிளப்புவது பெரும்பாலும் அந்த மேல்கீழ் அசைவுதான். மனிதனுக்கு எந்த வேகத்து அசைவு ஒத்துக்கொள்ளாது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஏறி இறங்கி முடிய 5, 6 விநாடி எடுக்கிற அசைவுதான் மிக மோசம். மெதுவாக, பெரிதாகச் சாய்கிற ரோல் பார்க்கப் பயமாக இருக்கும், வயிற்றை அவ்வளவு கலக்காது.

இனி பெரிய கப்பல். பள்ளிக்கூடக் கணக்குதான். ஆழ்கடலில் ஒரு அலை கடந்து அடுத்தது வர எத்தனை விநாடி என்று பாருங்கள். அந்த எண்ணை அதாலேயே பெருக்கி, 1.56-ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீட்டரில் வரும். 6 விநாடி அலை 56 மீட்டர். 8 விநாடி அலை 100 மீட்டர். 300 மீட்டர் கப்பல் இவற்றின் மேல் பலகை மாதிரி படுத்துக்கிடக்கும், வெயில்தேடி தம்பி பார்த்தது இதைத்தான். ஆனால் தூரத்துப் புயல் கிளப்பிவிட்ட 14 விநாடி நீள அலை, ஸ்வெல் என்பார்கள், அது வந்தால்? அதன் நீளம் 306 மீட்டர். கப்பல் நீளமும் அலை நீளமும் ஒன்று. அப்போது ராட்சதக் கப்பலும் தலையாட்டும், ஸ்டெபிலைசர் வேடிக்கை பார்க்கும். வெயில் காயும், காற்று இருக்காது, கப்பல் மட்டும் ஆடும். ஆகவே பெரிய கப்பல் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் பாதை, அப்புறம் தேதி, அதற்கப்புறம்தான் கப்பல்.

நடுக்கப்பல்
செப்டம்பர் 9, இரவு 8:55

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நானும் உங்க ஜாதிதான் அண்ணா, வாந்தி ஜாதி. இதுவரை 9 தடவை போயிருக்கேன். முதல் தடவை பண்ணின முட்டாள்தனத்தைச் சொல்றேன், நீங்க பண்ணாதீங்க.

ஜனவரியில், பனி கொட்டுற வடக்குத் துறைமுகம் ஒன்றில் ஏறினோம். "பறந்து போற செலவு மிச்சம், ஏறினா நேரா வெயிலுக்குப் போயிடலாம்" என்று கணக்குப் போட்டோம். வெயிலுக்கு வர ரெண்டரை நாள். முதல் ராத்திரி 11 மணிக்கு அலமாரிக்குள் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று தட்ட ஆரம்பிச்சது. டக்... டக்... நடுவில் நான் எண்ணுவேன், ஆறு எண்ணுறதுக்குள் அடுத்த டக். மாலுமி ஐயா 5, 6 விநாடி என்றதும் எனக்கு அந்த ஹேங்கர்தான் ஞாபகம் வந்தது. காலையில் கதவைத் திறந்தால் மாடிப்படிக் கைப்பிடியில் வரிசையாகக் காகிதப் பைகள் செருகி வைத்திருக்கிறாங்க, லிஃப்ட் பக்கத்திலும். நீச்சல் குளத்தில் தண்ணியை வடிச்சு வலை கட்டிட்டாங்க. பணியாளர் ஒருத்தர் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கொண்டு வந்து வச்சிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி "குட் மார்னிங்" என்றார்.

எங்கள் அறை எது தெரியுமா? மேல் தளம், முன்முனை, பால்கனி. காட்சி நல்லா இருக்கும் என்று கூடுதலாகக் கொடுத்து வாங்கினது. அதுதான் கப்பலிலேயே அதிகம் ஆடுற மூலை.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம். பயணத்திட்டத்தை எடுத்து ஒவ்வொரு துறைமுகத்திலும் வரும் நேரம், கிளம்பும் நேரம் எழுதிக்குவேன். நடுவில் உள்ள மணி நேரத்தை மூன்று நிறத்தில் தீட்டுவேன். தீவு மறைவில், கரை ஓரத்தில் போற நேரம் பச்சை. ஒரு பக்கம் திறந்த கடல் மஞ்சள். நாலு பக்கமும் திறந்த கடல் சிவப்பு. ஏழு இரவுப் பயணத்தில் சிவப்பு 12 மணி நேரத்துக்குள் இருந்தால்தான் பதிவு செய்வேன். 'கடல் நாள்' என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு நாளும் பெரும்பாலும் சிவப்புதான். விளம்பரத்தில் அதைத்தான் ஓய்வு நாள் என்பாங்க.

கரைவாசி
செப்டம்பர் 9, இரவு 9:20

அருமை தங்கச்சி. அறை நடுவில் என்றால் எவ்வளவு வித்தியாசம் வரும்? மனைவி முன்முனையைத்தான் காட்டுகிறாள்.

பழைய மாலுமி
செப்டம்பர் 10, காலை 6:05

300 மீட்டர் கப்பல் ஒரே ஒரு டிகிரி முன்னெழுகிறது என்று வையுங்கள். நடுவிலிருந்து 150 மீட்டர் தள்ளி முன்முனையில் இருப்பவர் 2.6 மீட்டர் மேலே போவார். நடுவிலிருந்து 20 மீட்டரில் இருப்பவர் 35 சென்டிமீட்டர். அதே கப்பல், அதே அலை. வீட்டம்மாவிடம் இந்த இரண்டு எண்ணையும் காட்டுங்கள்.

நடு, கீழ்த்தளம், ஜன்னல் இருக்கிற அறை. ஜன்னல் தொடுவானம் பார்க்க. பதிவு செய்யும்போது அறை எண்ணை நீங்களே தேர்ந்தெடுங்கள். 'எங்கே காலியோ அங்கே தருவோம்' என்று மலிவாக ஒன்று வைத்திருப்பார்கள். அதை எடுத்தால் முன்முனையோ பின்முனையோதான் வந்து சேரும்.

மாத்திரைப்பெட்டி
செப்டம்பர் 10, காலை 10:40

மருந்துக்கடையில் 22 வருஷம் நின்றவள் என்பதால் இந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அண்ணன் வயதும் மற்ற மருந்துகளும் தெரியாமல் இதைச் சாப்பிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மட்டும்.

சின்னரிசின், மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட், புரோமெத்தசின். இவை நான்கும் பழைய வகை அலர்ஜி மருந்துகள், தூக்கம் வரும். தூக்கம் வராத புது வகை அலர்ஜி மாத்திரை, லோராடடின் போன்றவை, இதற்கு வேலை செய்யாது. மூளைக்குள் போவதால்தான் பழையவை வேலை செய்கின்றன, அதனால்தான் தூக்கமும் வருகிறது. வாந்தி என்றாலே பலரும் கையில் எடுக்கிற ஒண்டான்செட்ரான் பயண வாந்தியைத் தடுப்பதில் அவ்வளவு உதவாது. இதை நான் கவுண்டரில் நின்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

காதுக்குப் பின்னால் ஒட்டுகிற ஸ்கோபோலமின் ஒட்டு இருக்கிறது. கிளம்புவதற்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்னால் ஒட்டினால் 3 நாள் வரும். வாய் வறளும். ஒட்டின கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் அந்தக் கண்ணின் பாப்பா விரிந்து மங்கலாகத் தெரியும், பயந்துபோய் மருத்துவமனைக்கு ஓடுவார்கள். குறுங்கோண கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருப்பவர்களுக்கு அது கூடவே கூடாது. புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைக்கிறவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறலாம்.

எந்த மாத்திரையானாலும் குமட்டல் வந்த பிறகு போட்டால் பாதிப் பலன்தான், வாந்தியில் மாத்திரையே வெளியே வந்துவிடும். முன்கூட்டியே போடுங்கள். வேலை இல்லாத ஒரு நாளில் வீட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், எவ்வளவு தூக்கம் வருகிறது என்று. மாத்திரையோடு மது வேண்டாம். இஞ்சி சிலருக்குக் கேட்கிறது, கெடுதல் இல்லை. குமட்டலுக்கு என்று விற்கிற, மணிக்கட்டை அழுத்தும் பட்டைக்குச் சான்று குறைவு, பிடித்தால் கட்டிக்கொள்ளுங்கள்.

சும்மா வந்தவன்
செப்டம்பர் 10, பகல் 12:15

ஒரு துணைக்கதை. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் காலடெட் கல்லூரியிலிருந்து காது கேளாத 11 பேரை நாசாவுடன் சேர்ந்து அமெரிக்கக் கடற்படை சோதனைக்கு எடுத்தது. பெரும்பாலோருக்கு மூளை உறைக் காய்ச்சலால் கேட்கும் திறனோடு உள்காதின் சமநிலை உறுப்பும் போயிருந்தது. நோவா ஸ்கோஷியா கரைக்கு அப்பால் கொந்தளிக்கிற கடலில் அவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். அவர்கள் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சோதிக்க வந்த ஆராய்ச்சியாளர்கள்தான் வாந்தி எடுத்துச் சுருண்டார்கள். சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று.

அதனால் கரைவாசி, உங்கள் உள்காது கொஞ்சம் அதிக சுறுசுறுப்பு, அவ்வளவுதான். பிரிட்டிஷ் கடற்படையின் அட்மிரல் நெல்சனுக்கே கடைசிவரை கடல் ஒத்துக்கொள்ளவில்லை. டார்வின் பீகிள் கப்பலில் ஏறிய நாளிலிருந்து கிடையாய்க் கிடந்தார்.

ஆற்றோடு
செப்டம்பர் 10, மாலை 5:30

இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஆற்றுக்கப்பல் போங்கள். நைல் நதியில் லக்சரிலிருந்து அஸ்வான், 3 அல்லது 4 இரவு. குளிர்காலம்தான் அங்கே சரியான பருவம், கோடையில் வெயில் தாங்காது. மேஜையில் விளிம்புவரை ஊற்றின டீ சிந்தாது. எஸ்னா மதகில் நீர்மட்டத்தோடு கப்பல் ஏறி இறங்கும், அதற்கெல்லாம் யாருக்கும் வாந்தி வந்ததில்லை.

கரைவாசி
செப்டம்பர் 10, மாலை 6:02

காட்டினேன். "இரண்டு பக்கமும் கரை தெரிந்தால் அது கடலா?" என்று ஒரே கேள்வி. ஆறு போச்சு.

மாத்திரைப்பெட்டி அக்கா, எனக்கு 54. புராஸ்டேட்டுக்கு மாத்திரை எடுக்கிறேன். அப்போ ஒட்டு வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறேன், மருத்துவரையும் கேட்கிறேன்.

கிழக்கே போகும்
செப்டம்பர் 11, காலை 7:50

எல்லாரும் அட்லாண்டிக்கையே பிடித்துத் தொங்குகிறீர்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை மலாக்கா ஜலசந்தியைப் பாருங்கள். சிங்கப்பூரில் ஏறி போர்ட் கிளாங், பினாங்கு, லங்காவி, புக்கெட், திரும்பச் சிங்கப்பூர். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கிற காலம்தான், ஆனால் அது வருகிற பக்கம் மலாய்த் தீபகற்பம் முழுசும் சுவர் மாதிரி நிற்கிறது. மறுபக்கம் சுமத்திரா, இந்தியப் பெருங்கடலின் ஸ்வெல்லை அது பார்த்துக்கொள்ளும். நடுவில் கிடக்கிற கடல் குளம் மாதிரி. இரண்டு முறை போனேன். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், வளையம்தான் வந்தது, சாய்வு வரவில்லை.

பழைய மாலுமி
செப்டம்பர் 11, காலை 8:30

முழுசாக ஒத்துக்கொள்கிறேன். நானே சொல்லியிருக்க வேண்டும். ஒரே எச்சரிக்கை: சிங்கப்பூரில் ஏறி வடகிழக்கே வியட்நாம், ஹாங்காங் போகிற பயணத்தை டிசம்பர், ஜனவரியில் எடுத்துவிடாதீர்கள். அது அந்தப் பருவக்காற்றை நேருக்கு நேர் முட்டிக்கொண்டு போகிற வழி, தென்சீனக் கடல் அப்போது பொல்லாதது. அதே துறைமுகம், அதே வாரம், ஒரே மாதிரி கப்பல். இடப்பக்கம் திரும்பினால் நரகம், வலப்பக்கம் திரும்பினால் தாலாட்டு என்று வையுங்கள், இடமும் வலமும் நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அந்த மாதங்களில் சிங்கப்பூரில் மழை நன்றாகப் பெய்யும். மழையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மழைக்கும் அலைக்கும் சம்பந்தம் குறைவு.

வெயில்தேடி
செப்டம்பர் 11, காலை 9:15

சரி, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு யோசனை: முதல்ல 2 ராத்திரி டெஸ்ட் ட்ரிப் போய்ப் பாத்துட்டு அப்புறம் பெருசா போகலாமே?

நடுக்கப்பல்
செப்டம்பர் 11, காலை 11:00

எனக்கு அது ஒத்து வராத யோசனை தம்பி. உடம்பு கடலுக்குப் பழக 2, 3 நாள் ஆகும். 2 ராத்திரிப் பயணத்தில் கெட்ட நாட்கள் ரெண்டையும் அனுபவிச்சிட்டு, பழகுற நேரத்தில் இறங்கிடுவோம். அப்புறம் வாழ்நாளுக்கும் "எனக்குக் கப்பல் ஆகாது" என்று சொல்லிக்கிட்டுத் திரிவோம். முதல் ரெண்டு நாள் அமைதியான கடலாக இருக்கிற 7 ராத்திரிதான் நல்ல பரீட்சை.

அண்ணா, இன்னொன்று. திட்டத்தில் எந்தத் துறைமுகத்தில் கப்பல் கரையில் கட்டும், எதில் நடுக்கடலில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் இறக்கும் என்று பாருங்க. பெரிய கப்பலில் சமாளிச்சவங்க அந்தப் படகில் 15 நிமிஷத்தில் கவிழ்ந்திடுவாங்க. கரீபியனில் கிராண்ட் கேமன் தீவில் எல்லாம் அப்படித்தான், படகுதான் ஒரே வழி.

கரைவாசி
செப்டம்பர் 14, இரவு 10:30

பதிவு செய்துவிட்டேன். சிங்கப்பூர் சுற்று, ஜனவரி கடைசி வாரம், 7 இரவு. ஐந்தாம் தளம், நடுவில், ஜன்னல். சிவப்பு நிறம் எவ்வளவு வருகிறது என்று மேப்பில் தீட்டிப் பார்த்தோம். ஒரு ராத்திரி மஞ்சள், மற்றதெல்லாம் பச்சை. பேனா மனைவி கையில்தான் இருந்தது.

கடைசி வாரம் வானிலை பார்க்க என்ன பார்க்க வேண்டும்?

பழைய மாலுமி
செப்டம்பர் 15, காலை 6:10

இப்போதே பார்க்க வேண்டுமென்றால் பைலட் சார்ட். அமெரிக்க அரசு வெளியிடுகிற பழைய வகை வரைபடம், இணையத்தில் இலவசம். மாதம் வாரியாகக் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு பலம், 12 அடிக்கு மேல் அலை எத்தனை சதவீதம் என்று கோடு போட்டிருக்கும். பல வருஷச் சராசரி என்பதால் தேதி தேர்ந்தெடுக்க அதுதான் நல்லது.

கிளம்பும் வாரத்தில் அலை முன்னறிவிப்புச் செயலி போதும். உயரத்தை மட்டும் பார்க்காமல் விநாடியையும் பாருங்கள். அதில் போடுகிற உயரம், மொத்த அலைகளில் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி, எப்போதாவது ஒன்று அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரும். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முன்னறிவிப்பைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கப்பலில் கேப்டன் 'ஸ்லைட்' என்றால் அலை உயரம் 0.5 முதல் 1.25 மீட்டர். 'மாடரேட்' என்றால் 2.5 வரை. 'ரஃப்' என்றால் 4 வரை. நீங்கள் 'மாடரேட்' கேட்டதும் மாத்திரையைப் போடுங்கள்.

கரைவாசி
பிப்ரவரி 6, இரவு 8:40

திரும்பிவிட்டோம். எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

கப்பலில் ஒரு முறைகூட வாந்தி இல்லை. முதல் நாள் மாத்திரை போட்டதில் மாலை 6 மணிக்கே தூங்கிவிட்டேன், கப்பல் கிளம்பினதையே பார்க்கவில்லை. மனைவி அதற்கு இன்னும் சமாதானமாகவில்லை. மூன்றாம் நாளிலிருந்து மாத்திரையே போடவில்லை. ஹேங்கர்களை மட்டும் முதல் வேலையாகக் கழற்றிக் கட்டிலில் போட்டேன், தங்கச்சி.

ஒரே சோதனை புக்கெட்டில். நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் இறக்கினார்கள். ஏறி உட்கார்ந்து, டீசல் வாடை வந்து, படகு கிளம்பாமல் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே நின்றது. எதிரில் ஒரு சிறுவன் பாக்கெட்டைப் பிரித்து எதையோ தின்றான். நான் கரையில் ஒரு வெள்ளைக் கட்டடத்தை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது எத்தனை மாடி என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். 11.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் குளியலறைத் தரை ஆடியது. நிற்கும்போது இல்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கண்ணை மூடினால் மட்டும்.

இப்போது அடுத்த பேச்சு கனேரி. பறந்து போய் ஏறுவதானால் சரி என்று சொல்லியிருக்கிறேன். ஐயா, தீவுக்குத் தீவு நடுவே எப்படி?

பழைய மாலுமி
பிப்ரவரி 7, காலை 6:15

மலைத்தீவுகளுக்கு நடுவே காற்று குழாயில் ஊதுவது மாதிரி வரும், கோடையில்தான் அது உச்சம். குளிர்காலத்தில் அது தணியும், பதிலுக்கு வடக்கிலிருந்து ஸ்வெல் வரும். தீவின் தெற்குப் பக்கம் மறைவு. பேனாவை வீட்டம்மாவிடமே கொடுங்கள். தேதி முடிவானதும் புது இழை தொடங்குங்கள், இது நீளமாகிவிட்டது.